நான்கு மணல் பைகளில் ஒரு கிலோ: கூட்டல் கழித்தல் மூன்றடிமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் அப்பா நடத்திய பலசரக்குக் கடையை மூடியபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டது பித்தளைத் தட்டுத் தராசு ஒன்றைத்தான். கணக்கு டீச்சராக இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பிறகும் அதைத் தூக்கிக்கொண்டு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய்வருகிறேன். கூடவே நான்கு துணிப் பைகள். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலைச் சலித்து, 25 கிராம், 75 கிராம், 225 கிராம், 675 கிராம் என்று நிறுத்துத் தைத்தவை. நான்கையும் சேர்த்தால் சரியாக 1000 கிராம்.

இந்த நான்கை வைத்து 25 கிராமில் தொடங்கி ஒரு கிலோ வரை, 25 கிராம் 25 கிராமாக ஏறும் நாற்பது எடைகளையும் நிறுத்துக் காட்டுவேன். பிறகு அதையே எண் எழுதும் முறையாகக் கரும்பலகையில் எழுதுவேன். எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

நாலே நாலு பைய வச்சுக்கிட்டு நாப்பது எடை நிறுக்கலாம்னு சொல்லுதீங்களே, அது எப்படி டீச்சர்?

25 கிராமை 'ஒன்று' என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பைகள் 1, 3, 9, 27. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் மும்மடங்கு. 1, 3, 4 மூன்றும் சுலபம். 2 வேண்டும் என்னும்போதுதான் கை நிற்கும். சரக்கை இடத் தட்டில் வைத்து, அதனோடு 1 பையையும் வையுங்கள். வலத் தட்டில் 3 பை. முள் நடுவில் நின்றால் சரக்கும் ஒன்றும் சேர்ந்து மூன்று என்று பொருள். அப்படியானால் சரக்கு இரண்டு, அதாவது 50 கிராம். இதே போல 5 என்பது 9 − 3 − 1: ஒன்பது எதிர்த்தட்டில், மூன்றும் ஒன்றும் சரக்கோடு.

பிள்ளைகளுக்கு எப்போதும் அரைக் கிலோ கருப்பட்டியைத்தான் நிறுத்துக் காட்டுவேன். 500 கிராம் என்பது 20. அது 27 − 9 + 3 − 1. கருப்பட்டியோடு 225 கிராம் பையும் 25 கிராம் பையும், எதிர்த்தட்டில் 675-உம் 75-உம். எதிர்த்தட்டில் 750, கருப்பட்டிப் பக்கம் கூடுதலாக 250. மிச்சம் 500. நான்கு பையும் தட்டில் ஏறிய பிறகு முள் ஆடி ஆடி நடுவில் வந்து நிற்கும் அந்த நேரத்தில் வகுப்பில் சத்தமே இருக்காது.

சரக்கு இருக்கிற தட்டுலயே எடைக்கல்லையும் போடுதது கள்ளத் தராசு ஆகாதா டீச்சரம்மா?

நாற்பது வருடம் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் தட்டுக்கு அடியில் ஒன்றை ஒட்டிவைப்பதுதான் கள்ளம். இங்கே இரண்டு தட்டிலும் இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. எண்ணெய் வாங்கத் தூக்குவாளி கொண்டுவந்தால் முதலில் தடை கட்டுவோம் இல்லையா? வாளியும் சரக்குத் தட்டில்தான் இருக்கிறது, அதன் எடைக்கு எதிர்த்தட்டில் ஈடு கொடுக்கிறோம். சரக்குப் பக்கம் உள்ள எடை தெரிந்திருந்தால் அதைக் கழித்துவிடலாம், அவ்வளவுதான்.

ஆனால் கடையில் வியாபாரத்துக்கு முத்திரை குத்திய எடைக்கற்கள்தான் செல்லும். என் பைகள் வகுப்பறைக்கு மட்டுமே.

இத எண்ணா எழுதுதது எப்படி?

தராசைப் பார்த்தபடியே எழுதுங்கள். எதிர்த்தட்டில் இருக்கும் பைக்கு +, சரக்கோடு இருக்கும் பைக்கு −, கீழே கிடக்கும் பைக்கு 0. பெரிய பையிலிருந்து சிறியதுக்கு இடமிருந்து வலமாக எழுதினால் அரைக் கிலோவின் 20 என்பது [+ − + −]. 2 என்பது [+ −], 5 என்பது [+ − −], 40 என்பது [+ + + +].

நாம் தினமும் எழுதும் முறையில் இடமதிப்புகள் 1, 10, 100, 1000. இங்கே 1, 3, 9, 27, 81, 243. அதனால் இது மூன்றடிமானம். இலக்கங்கள் மூன்றே மூன்று: +1, 0, −1. கூட்டலும் கழித்தலும் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் சமநிலை மூன்றடிமானம் என்றும் சொல்லலாம். நான் 'கூட்டல் கழித்தல் மூன்றடிமானம்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன், பிள்ளைகளுக்கும் அது வாயில் வருகிறது.

மூன்றடிமானம்னா 0, 1, 2 தானே வரணும்? 2 எங்க போச்சு?

வழக்கமான மூன்றடிமானத்தில் 0, 1, 2 உண்டு. அந்த முறையில் 5 என்பது 12, அதாவது ஒரு மூன்றும் இரண்டு ஒன்றும். நம் முறையில் 2-க்குப் பதிலாக 'மூன்றில் ஒன்று குறைவு' என்கிறோம். இது நமக்குப் புதிதல்ல. மணி 7:55 என்றால் 'எட்டாக அஞ்சு நிமிஷம் இருக்கு' என்போம். தொண்ணூறு என்ற சொல்லைப் பாருங்கள், எண்பதை அடுத்து வந்தும் அதற்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். அடுத்த பெரிய எண்ணின் வாசலில் நின்றுகொண்டு எண்ணும் பழக்கம் நம் பேச்சிலேயே இருக்கிறது.

பெரிய எண்ணக் கொடுத்தா எப்படி மாத்துவீங்க? குறள் 1330-ஐ எழுதிக் காட்டுங்க.

மூன்றால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதி 0 வந்தால் 0 எழுதுங்கள், 1 வந்தால் + எழுதுங்கள். மீதி 2 வந்தால் மட்டும் கவனம்: − எழுதிவிட்டு ஈவோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அது அடுத்த மூன்றின் மடங்குக்கு ஒன்று குறைவு.

1330-ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 443, மீதி 1: +. 443-ல் ஈவு 147, மீதி 2: −, ஈவை 148 ஆக்குகிறோம். 148-ல் 49, மீதி 1: +. 49-ல் 16, மீதி 1: +. 16-ல் 5, மீதி 1: +. 5-ல் மீதி 2: −, ஈவு 2 ஆகிறது. 2-ல் மீண்டும் −, ஈவு 1. கடைசியில் +. கிடைத்ததைக் கீழிருந்து மேலாக எழுதினால் [+ − − + + + − +]. சரிபார்க்க: 2187 − 729 − 243 + 81 + 27 + 9 − 3 + 1 = 1330.

இதில் ஓர் அழகு இருக்கிறது. எட்டு இடத்தில் ஓரிடத்தில்கூட 0 இல்லை. 1330-ஐ நிறுக்க எட்டுப் பைகள் வேண்டும், எட்டும் தட்டில் ஏறியே ஆக வேண்டும், ஒன்றும் சும்மா கிடக்காது. முதல்முறை போட்டுப் பார்த்தபோது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதினது சரியா தப்பான்னு சட்டுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

முழு நிச்சயம் வேண்டுமென்றால் மேலே செய்தது போலக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலான தவறுகளைப் பிடித்துக்கொடுக்கும் சோதனைகள் உண்டு. முதலாவது ஒற்றை இரட்டை. 1, 3, 9, 27, 81 எல்லாமே ஒற்றை எண்கள். ஆகவே 0 அல்லாத இலக்கங்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டை என்றால் எண்ணும் இரட்டை. 1330-க்கு எட்டு இலக்கம், இரட்டை. பத்தடிமானத்தில் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், இங்கே எல்லா இலக்கத்தையும் பார்க்க வேண்டும். மாறாக, மூன்றால் வகுபடுமா என்பதற்கு அங்கே எல்லா இலக்கத்தையும் கூட்ட வேண்டும், இங்கே கடைசி இலக்கம் 0 தானா என்று பார்த்தால் முடிந்தது.

நான்குக்கும் ஒரு வழி உண்டு. 3 என்பது நான்குக்கு ஒன்று குறைவு, 9 என்பது எட்டுக்கு ஒன்று கூடுதல், 27 இருபத்தெட்டுக்கு ஒன்று குறைவு. இப்படி மாறி மாறி வருவதால், வலது கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால் நான்கால் வகுத்த மீதி வந்துவிடும் (விடை கழித்தலாக வந்தால் நான்கு நான்காகக் கூட்டிக்கொள்ளுங்கள், நான்கோ அதற்கு மேலோ வந்தால் நான்கு நான்காகக் கழித்துக்கொள்ளுங்கள்). 1330-க்குச் செய்தால் 1 + 1 + 1 − 1 + 1 + 1 − 1 − 1 = 2. 1330-ஐ நான்கால் வகுத்தால் மீதி 2 தான்.

கழித்தல் எண்ணுக்கு முன்னாடி தனியா ஒரு கோடு போடணுமா?

வேண்டாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தராசில் இரண்டு தட்டிலும் இருக்கும் பைகளை மாற்றி வைத்தால் என்ன ஆகும்? 5 என்பது [+ − −], −5 என்பது [− + +]. எல்லாக் குறியையும் கவிழ்த்தால் போதும். எண் கூட்டலா கழித்தலா என்பதை இடது கோடியில் முதலில் வரும் குறியே சொல்லிவிடும், ஏனென்றால் பெரிய பை ஒன்று ஒரு பக்கம் இருந்தால் மற்றச் சிறிய பைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பக்கம் போனாலும் அதைத் தூக்க முடியாது. 27-க்கு எதிரே 9 + 3 + 1 = 13 தான்.

ஒரே எடைய ரெண்டு விதமா வைக்க முடியாதா? எம் மவன் வேற மாதிரி வச்சேங்கான்.

முடியாது. முழு எண்ணாக இருந்தால் ஒரே ஒரு விதம்தான். கடைசி இலக்கத்தை எடுங்கள். 3, 9, 27 எல்லாம் மூன்றின் மடங்கு. ஆகவே எண்ணை மூன்றால் வகுத்த மீதியே கடைசி இலக்கத்தைத் தீர்மானித்துவிடும்: மீதி 0 என்றால் 0, 1 என்றால் +, 2 என்றால் −. வேறு வழி கிடையாது. அதைக் கழித்து மூன்றால் வகுத்தால் அடுத்த இலக்கத்துக்கும் இதே கதை. இப்படியே கடைசி வரை.

எண்ணிக்கையாலும் பார்க்கலாம். நான்கு பை, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம்: இந்தத் தட்டு, அந்தத் தட்டு, தரை. 3 × 3 × 3 × 3 = 81 விதம். −40 முதல் 40 வரை உள்ள எண்கள், 0-ஐயும் சேர்த்து, 81. ஒரு விதம்கூட வீணாகவில்லை. மகன் வைத்ததில் ஏதோ ஒரு பையை எண்ணாமல் விட்டிருப்பான், கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாலு பைதான் வேணுமா? வேற எடையில மூணே வச்சு முடிக்க முடியாதா?

மூன்று பை என்றால் 27 விதம். அதில் 0 ஒன்று, மீதி 26-ல் பாதி கழித்தல். மிஞ்சினால் 13 எடை. எந்த எடையில் பை தைத்தாலும் இதுதான் உச்சம். ஆகவே நாற்பதுக்கு நான்கு பை கட்டாயம் வேண்டும்.

நான்கு பையிலும் 1, 3, 9, 27 தவிர வேறு எடை உதவாது என்பது இன்னும் சுவையானது. 40 வரை எல்லா எடையும் வர வேண்டுமானால் 81 விதமும் வெவ்வேறு விடை தர வேண்டும், எல்லாப் பையும் ஒரே தட்டில் ஏறினால் 40 ஆக வேண்டும். அடுத்தது 39. நாற்பதிலிருந்து ஒன்று குறைய, ஒரு பையை இறக்க வேண்டும். எனவே ஒரு பை 1 தான். அதை எதிர்ப்பக்கம் மாற்றினால் 38. இனி 37. மூன்று குறைய வேண்டும், 1 பையால் இரண்டுக்கு மேல் குறைக்க முடியாது. எனவே இன்னொரு பை 3. இந்த இரண்டும் சேர்ந்து எட்டு வரை குறைக்கும். ஒன்பது குறைய இன்னொரு பை, அது 9. மிச்சம் 27. ஐந்தாவது பை தைத்தால் அது 81, அதாவது 2 கிலோ 25 கிராம். அப்போது 3 கிலோ 25 கிராம் வரை நிறுக்கலாம்.

நம்ம பழைய அளவுல எல்லாம் ரெண்டு ரெண்டாத்தானே ஏறும்? அது பத்தாதா?

கீழே இரண்டு இரண்டாகத்தான் ஏறும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பிறகு எட்டு நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நம் திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. இடத்துக்கு இடம் அடிமானம் மாறும் முறை இது. நாழியால் அளக்கும்போது ஒரே நாழியை எத்தனை தடவையும் போடலாம், கழிக்க எதிர்த்தட்டு என்று ஒன்று கிடையாது. அளப்பதற்கு அது பொருத்தம்.

தராசில் ஒரே தட்டில்தான் கல் போடுவேன் என்றால் இருமடங்கு இருமடங்காக ஏறும் கற்கள்தான் சிறந்தவை: 1, 2, 4, 8, 16, 32. நாற்பதைத் தொட ஆறு கல் வேண்டும், ஐந்து கல் 31-ல் நின்றுவிடும். இரண்டு தட்டையும் பயன்படுத்தினால் நான்கே போதும். கோட்டையின் 21-ஐ நம் முறையில் எழுதினால் [+ − + 0].

கூட்டல் எப்படி போடுதது? கடன் வாங்கணுமா?

கடன் கிடையாது, மிகை, அதாவது அடுத்த இடத்துக்கு எடுத்துப்போவது, மட்டும் உண்டு. அந்த மிகை + ஆகவும் வரும், − ஆகவும் வரும். + உடன் − சேர்ந்தால் 0. + உடன் + சேர்ந்தால் 2, அது [+ −], ஆகவே − எழுதி + மிகை. − உடன் − சேர்ந்தால் + எழுதி − மிகை.

5-உம் 8-உம் கூட்டுவோம்: [+ − −], [+ 0 −]. ஒன்றுகளின் இடத்தில் இரண்டு −, எனவே + எழுதி − மிகை. மூன்றுகளின் இடத்தில் −, 0, மிகை −: மறுபடியும் + எழுதி − மிகை. ஒன்பதுகளில் +, +, மிகை −: +. விடை [+ + +], 9 + 3 + 1 = 13. கழிக்க வேண்டுமென்றால் இரண்டாவது எண்ணைக் கவிழ்த்துவிட்டுக் கூட்டுங்கள். கழித்தலுக்கென்று தனி வழியே தேவையில்லை.

பெருக்கல் வாய்ப்பாடு?

மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. 0-ஆல் பெருக்கினால் 0, + ஆல் பெருக்கினால் அதுவே, − ஆல் பெருக்கினால் கவிழ்த்தது. இலக்கத்தை இலக்கத்தால் பெருக்கும்போது மிகை வரவே வராது. பதினாறாம் வாய்ப்பாட்டுக்காகக் காதைத் திருகிய தலைமுறையில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி. யாராச்சும் இத வச்சு மெஷின் செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள், அதுவும் மரத்தில். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தாமஸ் ஃபவுலர் என்பவர் 1840-ல் இதே மூன்றடிமானத்தில் இயங்கும் கணக்குப் பொறியை மரத்தால் செய்தார். 1958-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிக்கொலாய் புருசென்த்சோவ் குழுவினர் செதுன் என்ற மின்னணுக் கணிப்பொறியை உருவாக்கினார்கள். அது உள்ளே எண்களை +1, 0, −1 ஆகத்தான் வைத்திருந்தது. ஐம்பது அளவுக்கு அந்தப் பொறிகள் செய்யப்பட்டன. இரண்டு நிலை மட்டுமே உள்ள மின்சுற்றுகள் மலிவாகப் பெருகிவிட்டதால் உலகம் இருநிலை எண்களோடு போய்விட்டது.

எடைக்கல் கணக்கு இவற்றைவிட மிகப் பழையது. இத்தாலியின் பிபொனாச்சி 1202-லேயே 1, 3, 9, 27 எடைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரான்சின் பாஷே 1612-ல் வெளியிட்ட புதிர்களில் இதைச் சேர்த்த பிறகு அவர் பெயரிலேயே பரவிவிட்டது.

கடைசி இலக்கத்த வெட்டினாலே முழுமைப்படுத்தின மாதிரி ஆயிரும்னு சொன்னீங்களே, அது எப்படி?

பத்தடிமானத்தில் 37-ஐ அருகிலுள்ள பத்துக்கு முழுமைப்படுத்தும்போது 7-ஐ வெறுமனே வெட்ட முடியாது. 5-க்கு மேலா என்று பார்த்து ஒன்று கூட்ட வேண்டும். இங்கே அது வேண்டாம். 320-ஐ எடுப்போம்: 243 + 81 − 3 − 1, அதாவது [+ + 0 0 − −]. ஒன்பதால் வகுக்கக் கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டுகிறோம்: [+ + 0 0], அது 27 + 9 = 36. உண்மையான விடை 35.55…, அருகிலுள்ள முழு எண் 36. சரியாக வந்துவிட்டது.

காரணம் முன்பு சொன்னதுதான்: சிறிய பைகள் எல்லாம் சேர்ந்தாலும் அடுத்த பையின் பாதியைத் தாண்டாது. 9-க்குக் கீழே இருப்பது 3 + 1 = 4 மட்டுமே. வெட்டி எறிந்தது எப்போதும் பாதிக்கும் குறைவு.

அப்போ சரியா அரைன்னா என்ன செய்யும்?

அரையில்தான் இந்த முறை திணறும். முழு எண்ணுக்குப் பிறகு புள்ளி வைத்து மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, இருபத்தேழில் ஒன்று என்று இடங்களை நீட்டிக்கொள்ளுங்கள். 1/3 + 1/9 + 1/27 + … என்று முடிவில்லாமல் கூட்டினால் என்ன வரும்? அந்தக் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்குங்கள்: 1 + 1/3 + 1/9 + …, அதாவது ஒன்றும் பழைய தொகையும். மூன்று மடங்கு என்பது தன்னைவிட ஒன்று கூடுதல் என்றால் அது அரை. எனவே அரை = 0 . + + + +… முடிவே இல்லை.

இன்னொரு விதமாகவும் எழுதலாம்: 1-லிருந்து அதே அரையைக் கழித்தால் + . − − − −… அதுவும் அரை. ஒரே ஒரு விதம்தான் என்று மேலே சொன்னது முழு எண்களுக்கு. பின்னத்தில் அரை போன்ற இடங்களில் இரண்டு விதம் உண்டு. அவற்றில் எது சரி என்று கேட்காதீர்கள், இரண்டும் சரி.

கால், மா, காணி, முந்திரி, இந்த நம்ம ஊர்ப் பின்னமெல்லாம் இதுல எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை ஒரு பாட்டி கேட்டார். வீரவநல்லூரில், பேத்தியைக் கூப்பிட வந்தவர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று விடை தெரியாமல் வீட்டுக்கு வந்து இரவு போட்டுப் பார்த்தேன். இவ்வளவு அழகாக வரும் என்று நினைக்கவில்லை.

சூட்சுமம் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. 3-க்கு இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 4. அரைக்குச் செய்த அதே கணக்கில் குறியை மாற்றி மாற்றிப் போட்டால் கால் வந்துவிடும்: 0 . + − + −… 9-க்கு இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 10. அரைக்கால் (1/8) = 0 . 0 + 0 + 0 +… இருமா (1/10) = 0 . 0 + 0 − 0 + 0 −… அடுத்தது 81. அதற்கு இந்தப் பக்கம் 80. எண்பதில் ஒன்றுதான் காணி. காணி = 0 . 0 0 0 + 0 0 0 + 0 0 0 +… மூன்று சுழி ஒரு கூட்டல், மூன்று சுழி ஒரு கூட்டல், முடிவில்லாமல்.

காணி கைக்கு வந்தால் மற்றதெல்லாம் அதன் மடங்கு. மா (1/20) என்பது நான்கு காணி. 4 என்பது [+ +], ஆகவே மா = 0 . 0 0 + + 0 0 + +… அரைமா இரண்டு காணி: 0 . 0 0 + − 0 0 + −… மாகாணி, அதாவது வீசம் (1/16), ஐந்து காணி. 5 என்பது [+ − −]: 0 . 0 + − − 0 + − −… முக்கால் வேண்டுமா, காலைக் கவிழ்த்து முன்னால் ஒரு + போடுங்கள்: + . − + − +… கீழே இறங்கினால் சுழற்சி நீளும். காணிக்கு நான்கு இலக்கத்தில் திரும்பத் திரும்ப வரும், அரைக்காணிக்கு (1/160) எட்டு இலக்கத்தில், முந்திரிக்கு (1/320) பதினாறு இலக்கத்தில். பாதியாக்க ஆக்கச் சுழற்சி இருமடங்காகிறது.

அடுத்த வாரம் அந்தப் பாட்டியின் வீட்டுக்கே போய்க் காணியை எழுதிக் காட்டினேன். 'முக்காணி எழுது' என்றார். மூன்றால் பெருக்கினால் எல்லா இலக்கமும் ஓரிடம் இடப்பக்கம் நகரும்: 0 . 0 0 + 0 0 0 + 0… எழுதினேன். தலையாட்டினார்.

அப்ப நம்ம முன்னோர் இதத் தெரிஞ்சுதான் 80-ஐயும் 320-ஐயும் வச்சாங்களா?

இல்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது, சொல்லவும் கூடாது. 320 என்பது 4 × 4 × 4 × 5. கால் காலாகப் பிரிப்பதும் ஐந்தாகப் பிரிப்பதும் அன்றாடப் பங்கீட்டுக்கு வேண்டியவை. அந்த இரண்டிலிருந்தும் பிறந்த பின்னங்கள் இவை. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81 வருவதும், அது எண்பதுக்கு ஒன்று மட்டும் கூடுதலாக இருப்பதும் எண்களின் இயல்பு. யாரும் திட்டமிட்டது அல்ல. நம் பின்னங்களின் பெருமைக்கு இல்லாத கதை தேவையில்லை. முந்திரி வரை பெயர் வைத்து மனக்கணக்காகவே கூட்டிப் பெருக்கியதே போதுமான பெருமை.

பன்னெண்டு பையில ஒண்ணு மட்டும் எடை வித்தியாசம். கூடவா குறையவான்னும் தெரியாது. மூணே தடவ தராசுல வச்சுக் கண்டுபிடிக்கணுமாம். இதுக்கும் இந்த முறை உதவுமா?

உதவும். இந்தப் புதிருக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான வழி இதுதான். ஒரு தடவை வைத்தால் மூன்று விடை: வலம் இறங்கும், இடம் இறங்கும், நடுவில் நிற்கும். அவற்றை +, −, 0 என்று எழுதுங்கள். மூன்று தடவை வைத்தால் மூன்று இலக்க எண் ஒன்று கிடைக்கும்.

பைகளுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணையும் நம் முறையில் மூன்று இலக்கமாக எழுதுங்கள். 7, 9, 11, 12 ஆகிய நான்கையும் அப்படியே விடுங்கள். மற்ற எட்டையும் கவிழ்த்துவிடுங்கள். 6 என்பது [+ − 0], கவிழ்த்தால் [− + 0]. முதல் தடவை முதல் இலக்கத்தைப் பாருங்கள்: + என்றால் அந்தப் பை வலத் தட்டுக்கு, − என்றால் இடத் தட்டுக்கு, 0 என்றால் தரையில். இரண்டாம் தடவைக்கு இரண்டாம் இலக்கம், மூன்றாவதுக்கு மூன்றாவது. அப்படி வைத்தால்:

முதல் தடவை வலத்தில் 7, 9, 11, 12. இடத்தில் 5, 6, 8, 10.
இரண்டாம் தடவை வலத்தில் 5, 6, 11, 12. இடத்தில் 2, 3, 4, 7.
மூன்றாம் தடவை வலத்தில் 2, 5, 7, 8. இடத்தில் 1, 4, 10, 11.

ஒவ்வொரு தடவையும் தட்டுக்கு நான்கு நான்காக வருவதற்குத்தான் அந்த எட்டைக் கவிழ்த்தது. கிடைத்த மூன்று குறியும் ஒரு பையின் குறியோடு அப்படியே ஒத்துப்போனால் அந்தப் பை கனம் கூடியது. கவிழ்த்த குறியோடு ஒத்துப்போனால் கனம் குறைந்தது. போன மாதம் சேரன்மகாதேவியில் பன்னிரண்டு மணல் பைகளில் ஒன்றை மட்டும் பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் பிரித்து மாற்றித் தைத்துக் கொடுத்தார்கள். முதல் தடவை வலம் இறங்கியது. இரண்டாம் தடவை இடம் இறங்கியது. மூன்றாம் தடவை முள் நடுவில் நின்றது. [+ − 0], அதாவது 6. ஆறாம் பையின் குறியோ [− + 0]. ஆறாம் பையில்தான் மணல் குறைவு என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த ஒரு கரண்டிச் செம்மணலை மேசைமேல் கொட்டினாள்.